முப்பத்தொன்றாம் வாய்

காலை பத்தரைக்குள் கீழ்நகரத்தில் எல்லோரும் குளித்து, சமைத்து, தண்ணீர் பிடித்து முடித்துவிடுவார்கள். பதினொன்றுக்குச் சங்கு ஊதும். ஊதியதும் வீட்டுக் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். மாலை ஐந்துக்குத்தான் திறக்கும். இடைப்பட்ட ஆறு மணி நேரம் வெளியே நிலவுவதற்கு ஈரவெப்பம் என்று பெயர். காற்றில் அவ்வளவு ஈரம் இருப்பதால் வியர்வை காயாது. வியர்வை காயாத உடம்பு சில மணி நேரம் தாங்கும். வயதான உடம்பென்றால் அதுவும் இல்லை.

அதனால் முத்துக்கரை நகரத்தில் வீட்டுக்கு ஒரு குளிரி. சுவரில் பதித்த சாம்பல் நிறப் பெட்டி. மின்சாரம் பங்கீட்டில் இருப்பதால் அது தன்னிஷ்டத்துக்கு ஓடாது. நிமிடத்துக்கு ஒருமுறை கேபிள் வழியாக மேலே கேட்கும்: ஓடட்டுமா? மேலிருந்து ஆம் என்று வந்தால் ஓடும். பதில் வராவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கும், பிறகு நின்றுவிடும்.

பிரகாசிக்கு ஆறாம் தொகுதியின் அடித்தளத்தில் வேலை. அந்த அறைக்கு இணைப்பறை என்று பலகை மாட்டியிருந்தது. அறையில் இரண்டு மேசைகள், இரண்டு திரைகள், மூலையில் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பத்தொன்பது வருடப் பழைய ஸ்விட்ச் ஒன்று. ஆறாம் தொகுதியின் நாற்பத்தெட்டு வீடுகளும் அந்த ஸ்விட்சில் கேபிள் செருகும் நாற்பத்தெட்டு வாய்களில் வந்து முடிந்தன. மற்ற தொகுதிகளில் போன வாரம் புது ஸ்விட்ச் மாட்டியாகிவிட்டது. இதற்கு மட்டும் அடுத்த வாரம் என்றார்கள்.

"ஏளா, கஞ்சி ஆறிப்போச்சு," என்றாள் அடுத்த மேசை மரியபுஷ்பம். "திரையையே பாத்துட்டு இருந்தா அது வந்து ஊட்டிவிடுமா?"

"இத முடிச்சிட்டு சாப்பிடுதேன் புஷ்பக்கா."

"எல்லா வாய்க்கும் காப்பு போடுத. உன் வாய்க்கு யாரு போட்டா? காலைல இருந்து இப்பத்தான் ஒரு வார்த்த பேசியிருக்க."

பிரகாசி சிரித்தாள். அவள் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வேலையை இந்த அறையிலேயே, கேபிள் இழுத்து இழுத்துக் கற்றவள். மேலே இருப்பவர்களிடம் பேச வேண்டுமென்றால் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு படிப்பாள்.

அன்றைய வேலை இரண்டு. முதலாவது, புது ஸ்விட்சுகளின் வீட்டு வாய்களுக்கு விளிம்புக்காப்பு. இரண்டாவது, கோபுர ஸ்விட்சில் கீழ்நோக்கிய வாய்களுக்கு வேர்க்காப்பு. பதினொன்றுக்குள் முடிக்கச் சொல்லி நகரத்தின் மேட்டுப் பகுதியான மேல்மாடத்திலிருந்து, இணைப்புக்குப் பொறுப்பான வேதநாயகம் சார் உத்தரவு அனுப்பியிருந்தார்.

முத்துக்கரையின் இணைப்பு முழுவதும் ஒரே மரம். வீடுகள் இலைகள், தொகுதிகள் கிளைகள், மேல்மாடத்துக் கோபுரத்தில் வேர். எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரே ஒரு வழிதான் இருக்கலாம். ஆறாம் தொகுதிக்கும் ஏழாம் தொகுதிக்கும் நடுவே நாற்பது அடிச் சந்து. அந்தச் சந்துக்கு அடியில் ஒரு கேபிளும் கிடக்கிறது. ஆனால் மரம் அதை அடைத்து வைத்திருக்கிறது. ஏழாம் தொகுதியில் இருக்கும் அக்காவிடம் பிரகாசி பேசினால் அந்தக் குரல் கோபுரம் வரை ஏறி, மறுபடி இறங்கித்தான் போகும்.

இதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டார்கள். செய்திகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. சுற்றச் சுற்றப் பெருகின. ஒன்றரை நிமிடத்தில் இணைப்பு முழுவதும் திணறி நின்றது. நின்றது மத்தியானம் ஒரு மணிக்கு. அன்றைக்கு இறந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் கீழ்நகரம். செருகியதும் கீழ்நகரத்துக் கைதான் என்று மேல்மாடம் அறிக்கை விட்டது.

அதிலிருந்து சட்டம் கடுமையானது. ஒரு வீட்டு வாயில் வீடுதான் இருக்க வேண்டும். இன்னொரு ஸ்விட்ச் இருக்கக் கூடாது. ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மரச்செய்தி ஒரு வீட்டு வாயில் கேட்டால், விளிம்புக்காப்பு அந்த வாயை மூடிவிடும். எச்சரிக்கை கிடையாது.

பத்து ஐம்பத்தெட்டுக்குப் பிரகாசி ஏழாம் தொகுதிக்கு வந்தாள். ஒன்று முதல் நாற்பத்தெட்டு வரை, ஒரே வரியில் காப்பு. என்டரைத் தட்டினாள். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள்.

இரண்டு நொடியில் திரையில் ஒரு சிவப்பு.

ஏழாம் தொகுதி, முப்பத்தொன்று. மூடப்பட்டது.

முப்பத்தொன்று அக்கா ஜெனோவாவின் வீடு.

கிண்ணம் கையிலேயே இருந்தது. பிரகாசிக்கு உடனே புரிந்துவிட்டது. அவளைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்காது.

முப்பத்திரண்டாம் வீட்டில் அந்தோணிமுத்து என்று ஒரு பெரியவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கையில். அவர் வீட்டு வாய் கருகிப்போய்ப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை. கட்டிலோடு அவரைத் தூக்கி வர ஜெனோவாவின் கதவு இடம் கொடுக்காது. அதனால் ஜெனோவா சுவரில் ஒரு துளை போட்டு, தன் வீட்டு இணைப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அவருடைய குளிரிக்குக் கொடுத்திருந்தாள். பிரிப்பதற்கு ஒரு சின்னப் பெட்டி வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தது பிரகாசி. கழித்துப் போட்ட சாமான்களுக்குள்ளிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கடையில் விற்கும் மலிவுப் பெட்டி ஊமை. காப்புக்கு அது இருப்பதே தெரியாது. பிரகாசி கொடுத்தது நல்ல பெட்டி, அலுவலகப் பெட்டி. அது இரண்டு நொடிக்கு ஒருமுறை மரச்செய்தி சொல்லும். கொடுப்பதற்கு முன் அதை நிறுத்தியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. தினமும் இதே வேலையைச் செய்கிறவள் அந்த ஒரு வரியை மறந்துபோனாள்.

சங்கு ஊதியது. கதவுகள் பூட்டிக்கொள்ளும் ஓசை மேல்தளங்களிலிருந்து வரிசையாக இறங்கி வந்தது.

"என்னளா, முகம் இப்படிப் போச்சு?" என்றாள் புஷ்பம்.

பிரகாசி திரையைக் காட்டினாள். புஷ்பம் எண்ணைப் படித்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். "சாரக் கூப்பிடு. எழுதிட்டு இருக்காத. இப்பவே கூப்பிடு."

மூடிய வாயைத் திறக்கும் உரிமை வேருக்கு மட்டும்தான். வேர் இருப்பது கோபுரத்தில். கோபுரம் இருப்பது வேதநாயகம் சார் கையில்.

"சொல்லும்மா பிரகாசி. முடிஞ்சுதா?"

"சார், ஏழாம் தொகுதி முப்பத்தொன்னு மூடிக்கிச்சு. அதத் திறக்கணும் சார்."

"எதுக்கு மூடிச்சு?"

"ஒரு பெட்டி இருந்துது சார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வாய் கருகிப்போச்சு. அதுக்காக..."

"அப்ப ரெண்டு வீட்ட இணைச்சிருக்காங்க."

"பன்னெண்டு நாளா புகார் இருக்கு சார். படுத்த படுக்கையா இருக்காரு. ரெண்டு குளிரியும் நின்னிருக்கும். உள்ள ஆள் இருக்காங்க."

"நான் திறக்கமாட்டேன்னா சொன்னேன்? திறப்பு விண்ணப்பம்னு ஒண்ணு இருக்கு. போடச் சொல்லு."

"வீடே மூடியிருக்கு சார். அவங்க எப்படிப் போடுவாங்க?"

"அப்ப நீ போடு. நான் பார்க்கிறேன்." வைத்துவிட்டார்.

பிரகாசி விண்ணப்பம் போட்டாள். காரணம் என்ற கட்டத்தில் உயிர் ஆபத்து என்று எழுதினாள். பதினொன்றே காலுக்கு அனுப்பினாள். பிறகு உட்கார்ந்திருந்தாள். இதை அவள் பிற்பாடு நினைத்துப் பார்க்காத நாளில்லை. பார்க்கிறேன் என்று ஒரு சார் சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பதினொன்றரை. பன்னிரண்டு. பன்னிரண்டு பத்துக்குப் பதில் வந்தது: பெறப்பட்டது. மூன்று வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும்.

"மூணு நாளா?" என்றாள் புஷ்பம். "மூணு நாள் கழிச்சு திறந்து யார வெளிய தூக்கவாம்?"

பிரகாசி திரைக்குத் திரும்பினாள். கோபுரத்தின் விதிப் பட்டியலைத் திறந்தாள். கோபுரத்தில் அவள் காப்பு போடலாம்; விதிகளை மாற்ற அனுமதி இல்லை, பார்க்கலாம். இதற்கு முன் பார்த்ததே இல்லை. பார்க்கத் தோன்றியதில்லை. மீள்திறப்பு என்ற தலைப்பில் இரண்டே வரிகள் இருந்தன.

மேல்மாடம்: முப்பது நொடி.

கீழ்நகரம்: கையால் மட்டும்.

அவள் அதை மூன்று முறை படித்தாள். மேல்மாடத்தில் ஒரு வாயைக் காப்பு மூடினால், முப்பது நொடியில் அது தானே திறந்துகொள்ளும். குளிரி ஒரு நிமிடம் பொறுக்கும். ஆகவே அங்கே குளிரி நிற்கவே நிற்காது. மூடியதே தெரியாது. பெட்டி ஒன்றுதான், காப்பு ஒன்றுதான், தவறும் ஒன்றுதான்.

பிறகு பதிவேட்டைப் பார்த்தாள். மேல்மாடத்துக்குக் காப்பு போட்டு ஒரு மாதம் ஆயிற்று. பதினான்கு வீடுகளின் வாய்கள் ஒரு மாதமாக மூடித் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தன. பதினான்கு பேரும் யார் வீட்டோடாவது கேபிள் இழுத்து இணைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒரு கடிதம் கூடப் போகவில்லை. ஒன்பதாவது பெயர் வேதநாயகம்.

மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

"சார், உங்க வீட்டு வாய் இன்னைக்கு மட்டும் ஆயிரத்தி முன்னூறு தடவைக்கு மேல மூடியிருக்கு."

"அது என் மருமகன் வீட்டுக்கு ஒரு கேபிள் போகுது. கிரிக்கெட் பார்க்கிறதுக்கு. நீ எதுக்கு அதையெல்லாம் பார்க்கிற?"

"உங்களுக்கு முப்பது நொடி. எங்களுக்கு ஏன் சார் கையால?"

"இங்க பாரும்மா. மேல இருக்கிறவங்க செஞ்சா அது ஒரு தவறு. கீழ செஞ்சா அது பழக்கம். தானா திறக்கும்னு தெரிஞ்சா எல்லா வீட்டிலயும் இழுத்துடுவாங்க. வந்து கேட்டாத்தான் ஒரு பயம் இருக்கும். நானூறு பேர் செத்தது மறந்துபோச்சா?"

"மறக்கல சார். எங்க அம்மா அதுல முன்னூத்தி ஆறாவது ஆளு."

"அப்ப உனக்கே புரியணும். ரெண்டாவது வேலைய முடி. வேர்க்காப்பு இன்னும் போடல நீ." வைத்துவிட்டார்.

பிரகாசியின் காது சூடாகியிருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது கோபம். அதற்கு அவள் இதுவரை இடம் கொடுத்ததே இல்லை.

வேர்க்காப்பு இன்னும் போடவில்லை. அவர் வாயாலேயே அதைச் சொன்னார்.

மரத்துக்கு வேர் எது என்பதை யாரும் நியமிப்பதில்லை. ஸ்விட்சுகளே தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எல்லாவற்றையும் விடச் சிறிய எண் யாருடையதோ அது வேர். கோபுரத்தின் எண் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. கீழ்நகரத்து ஸ்விட்சுகளுக்கு எல்லாம் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். கீழே யாராவது அதைவிடச் சின்ன எண்ணைச் சொன்னால் காதில் வாங்காதே என்று கோபுரத்துக்குச் சொல்வதுதான் வேர்க்காப்பு. அது போட்டுவிட்டால் கதை முடிந்தது. இன்னும் போடவில்லை.

அவள் எழுந்து மூலையிலிருந்த பழைய ஸ்விட்சிடம் போனாள். தன் திரையிலிருந்து ஒரு கேபிளை இழுத்து அதில் செருகினாள்.

"என்ன செய்யுத?" என்றாள் புஷ்பம்.

"வேர இங்க கொண்டு வாரேன்."

புஷ்பம் அவளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "நம்மள ஜெயில்ல போடுவாங்களா?"

"என்னைய போடுவாங்க. நீ தூங்கிட்டு இருந்தேன்னு சொல்லு."

"பதினெட்டு வருசமா இங்க தூங்கிட்டுத்தான இருக்கேன்," என்றாள் புஷ்பம். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "போடு."

பிரகாசி பழைய ஸ்விட்சின் எண்ணைப் பூச்சியம் ஆக்கினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வாய்கள் எல்லாம் மஞ்சளாயின. பழைய மரம் அவசரப்படாது. பதினைந்து நொடி கேட்கும், பதினைந்து நொடி கற்கும், பிறகுதான் திறக்கும். அரை நிமிடம் முத்துக்கரை முழுவதும் மூச்சைப் பிடித்திருந்தது. பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பதினொரு வருடமாக அடைபட்டிருந்த ஒரு விளக்கும் பச்சையானது. சந்துக்கு அடியில் கிடந்த ஏழாம் தொகுதிக் கேபிள். திரையின் மேல் ஓரத்தில் எழுதியிருந்தது: வேர், ஆறாம் தொகுதி.

ஏழாம் தொகுதி, முப்பத்தொன்று. காப்பை எடு. திற.

பன்னிரண்டு நாற்பத்தொன்று. மூடி ஒரு மணி நாற்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

ஜெனோவாவைக் கூப்பிட்டாள். குரல் கோபுரம் ஏறாமல் சந்து வழியாக நேரே வந்தது. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல இருந்தது.

"பிரகாசி? ஏளா, என்ன ஆச்சு? குளிரி இப்பத்தான் ஓடுது. தரையில தண்ணிய ஊத்திப் படுத்துக் கிடந்தேன்."

"அக்கா, அந்தோணிமுத்து மாமா எப்படி இருக்காரு?"

"துளைல வாய வச்சுக் கூப்பிட்டேன். முதல்ல மோதிரத்தால சுவத்துல தட்டினாரு. எப்பவும் அப்படித்தான, ரெண்டு தட்டு தட்டுனா நல்லா இருக்கேன்னு அர்த்தம். பன்னெண்டு மணிக்குக் கூட தட்டினாரு. அதுக்கப்புறம் தட்டல. அசந்திருப்பாரோ?"

"தட்டு அக்கா. தட்டிக்கிட்டே இரு. லைன வைக்காத."

கரண்டியால் சுவரைத் தட்டும் ஓசை கேட்க ஆரம்பித்தது.

அதற்குள் இன்னொரு லைன் சிணுங்கியது. வேதநாயகம் சார்.

"பிரகாசி, என்ன பண்ணின? வேர் எங்க போச்சு?"

"இங்க இருக்கு சார்."

திரையில் கோபுரத்தின் எண் மாறுவது தெரிந்தது. நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து பூச்சியம். அவரும் பூச்சியம் போட்டுப் பார்க்கிறார். விளக்குகள் அசையவில்லை. பூச்சியத்துக்குக் கீழே எண் கிடையாது. எண்கள் சமமானால் வயதான ஸ்விட்சுதான் வேர். மாற்றாமல் விட்ட ஒரே பழைய ஸ்விட்ச் இந்த அறையில் இருந்தது. வேர்க்காப்பு போட்டால் அவர் திரும்பப் பிடித்துவிடலாம். அதைப் போடத் தெரிந்தவர்களைத்தான் அவர் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்.

"என் வீட்டு வாய் மூடிக்கிடக்கு," என்றார். குரல் இறங்கியிருந்தது. "திறக்கமாட்டேங்குது. என் பெண்சாதி உள்ளே தனியா இருக்கா. ரத்த அழுத்தம் இருக்கிறவ."

பிரகாசி பார்த்தாள். மேல்மாடத்தில் பதினான்கு சிவப்பு. இப்போது நகரம் முழுவதற்கும் பழைய ஸ்விட்சின் விதிதான் விதி. அதில் மீள்திறப்பு ஒரே வரி: கையால் மட்டும். அவள் எதையும் மாற்றவில்லை. கீழ்நகரத்தின் விதி மேலே போயிருந்தது, அவ்வளவுதான்.

"விண்ணப்பம் போட்டாச்சா சார்?"

மறுமுனையில் அவர் விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது.

"மூணு வேலை நாள் ஆகும். இன்னைக்கு வெள்ளி."

"அவ என்னம்மா தப்பு பண்ணினா?"

"எங்க அக்கா என்ன தப்பு பண்ணினா?"

புஷ்பம் அவள் முழங்கையைத் தொட்டாள். திரையில் ஒன்பதாவது சிவப்பு மூன்று நிமிடம் என்று காட்டியது. ஒரு நிமிடத்திலேயே அந்தக் குளிரி நின்றிருக்கும். முகம் தெரியாத ஒரு பொம்பளை இப்போது பெட்டியைப் போய்த் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். மருமகன் வீட்டுக்குக் கேபிள் இழுக்க அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிரகாசிக்கு அவளை அப்படியே விட்டுவிட ஆசையாக இருந்தது. அந்த ஆசை எவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரிந்தது. ஒரு மணி நாற்பத்து மூன்று நிமிடம் இவரும் உட்கார்ந்திருக்கட்டும். பார்க்கிறேன் என்று நானும் சொல்கிறேன்.

அவள் விதியைத் திறந்தாள். மீள்திறப்பு. கையால் மட்டும் என்பதை அழித்தாள். மேல், கீழ் என்று பிரிக்கக் கட்டம் இல்லாத பழைய பட்டியல் அது. நகரம் முழுவதற்கும் ஓர் எண்தான் எழுத முடியும்.

முப்பது நொடி.

"போட்டுட்டேன் சார். எல்லாருக்கும் போட்டுட்டேன். முப்பது நொடில உங்க வீடு திறந்துரும்."

"நல்லதும்மா. ரொம்ப..."

"அதுவரைக்கும் இத கேளுங்க."

ஜெனோவாவின் லைனை அவருடைய லைனோடு சேர்த்தாள்.

டொக், டொக். இடைவெளி. டொக், டொக். "மாமா. மாமா, ஒரு தட்டு தட்டுங்க. குளிரி வந்துட்டு. கேக்குதா மாமா?" டொக், டொக்.

"இது என்ன?" என்றார் வேதநாயகம்.

பத்து நொடி ஆயிற்று. பதினைந்து. அவர் மூச்சு விடுவது கேட்டது. லைனை அவர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இருபது. ஜெனோவா தட்டுவதை நிறுத்திக் காது கொடுத்தாள். சுவரின் அந்தப் பக்கம் குளிரியின் ரீங்காரம் மட்டும் துளை வழியாக மெலிதாக வந்தது. மறுபடி தட்ட ஆரம்பித்தாள். இப்போது மாமா என்று கூப்பிடவில்லை.

முப்பதாவது நொடியில் ஒன்பதாவது விளக்கு பச்சையானது.

வேதநாயகம் நன்றி சொல்லவில்லை. கட்டளையும் இடவில்லை. பிரகாசி காத்திருந்தாள். அவளைப் பிடிக்க மேலிருந்து ஆட்கள் வருவார்கள். ஆனால் ஐந்து மணி வரை ஒரு கதவும் திறக்காது. அது அவர்கள் போட்ட சட்டம். அதுவரை இந்த விதி இருக்கும்.

புஷ்பம் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அப்பால் வைத்தாள்.

"அவர் இன்னும் லைன்ல இருக்காரா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இருக்காரு," என்றாள் பிரகாசி.

டொக், டொக்.